என் முரசு நோயும் நான் போட்ட சத்தமும்

சகோதர சகோதரிகளே, ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார். அவருக்கு நன்றி. ஆனாலும் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்களில் சிலர் என்னைப் படுத்திய பாட்டை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது.

போன வருடம் தவக்காலத்தில் என் பல் முரசு, அதாவது ஈறு, வீங்கியது. பல் துலக்கினால் இரத்தம். பிறகு சீழ். கீழ் முன்பற்கள் நாக்குப் பட்டாலே ஆடின. எங்கள் மீன்பிடிக் குடும்பத்தில் படித்து ஆசிரியையான முதல் ஆள் நான். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவளும் நான்தான். இந்த வயதில் பல்லில்லாமல் பிள்ளைகள் முன் எப்படி நிற்பேன்? இரவெல்லாம் அழுதேன்.

எங்கள் செபக்குழுவை நடத்தும் ரெஜினா மாமியிடம் எனக்காகச் செபிக்கச் சொன்னேன்.

"வாய்க்கொழுப்புக்கு ஆண்டவர் போட்ட அடி, பிள்ளை. பங்குச் சுவாமியோடையே வாதாடுறவள்தானே நீ? வாய் திறவாமல் ஒரு நவநாள் செய்."

"அப்ப ஊருக்கும் ஒன்பது நாள் நிம்மதி" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

செய்தேன். பயம் அப்படி. வீட்டிலும் வாய் திறக்கவில்லை, வைத்தியரிடமும் போகவில்லை. நவநாள் முடிந்த காலையில் தேநீரில் தோய்த்த பாணைக் கடித்தேன். ஒரு பல் கழன்று கையில் வந்தது.

நேரே கோவிலுக்குப் போனேன். முழங்காலிடவில்லை. "நீர்தான் அடித்தீரா? சொல்லும்! இந்த வாயைத் தந்ததே நீர்தானே!" என்று கத்தினேன். அவ்வளவுதான் என் செபம்.

வீட்டு வாசலில் அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த பல்லைக் காட்டி, மாமி சொன்னதையும் சொன்னேன்.

"எனக்கும் உன்ர வயசிலதான் விழத் தொடங்கினது" என்றார்.

"ஆரோடையோ சண்டை பிடிச்சு உடைஞ்சதெண்டெல்லோ நினைச்சனான்!"

"நானோ? சண்டையோ?" பொக்கை வாயால் சிரித்தார். "நான் ஆருக்கு வாய் காட்டினனான், பிள்ளை? என்னை ஏன் ஆண்டவர் அடிச்சவராம்?"

ஊரிலேயே குறைவாகப் பேசும் மனிதரைக் கொண்டு ஆண்டவர் எனக்குப் பதில் சொல்லிவிட்டார். அன்றைக்கே இருவரும் மன்னார் பஸ் ஏறினோம்.

"இந்த வருத்தம் சில குடும்பங்களில பரம்பரையா வரும். ஏன் இவ்வளவு பிந்தி வந்தனீங்கள்?" என்று பல் வைத்தியர் கேட்டார்.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். அங்கே விறைப்பூசி போட்டு, முரசைக் கீறித் திறந்து, வேர்களைச் சுத்தமாக்கித் தைத்தார்கள். மற்றப் பற்கள் மெல்ல இறுகின. நோய் நன்றாக அடங்கிய பிறகுதான், விழுந்த பல்லின் இடத்தில் தாடை எலும்புக்குள் திருகு வைத்து, அது எலும்போடு சேர்ந்ததும் மேலே புதுப் பல் பொருத்தினார்கள்.

திரும்பவும் வாசகம் வாசித்த அன்று, ரெஜினா மாமி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "பாத்தியா, நவநாளின்ர பலனை!"

"இல்லை மாமி. உங்கட நவநாளிலதான் பல்லுப் போனது."

இப்போது நான் பயந்து செபிப்பதில்லை. என் கோபத்தையும் அவர் முன் அப்படியே வைக்கிறேன். அவர் தாங்குகிறார். நீங்களும் நம்பி வையுங்கள். முரசில் இரத்தம் கண்டால் செபியுங்கள், செபித்த கையோடு வைத்தியரிடம் போங்கள். துணைக்கு ஆளில்லையா? என்னிடம் வாருங்கள். என்ன பாவம் செய்தீர்கள் என்று கேட்கமாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பேன்.