காஜா பாயின் மூன்று தட்டு

செய்தி வந்தபோது நான் வடமதுரை கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வடச்சட்டிக்குக் கைப்பிடி மாற்றக் கொடுத்திருந்தேன். அவர் அடித்த ரிவெட் ஒரு பக்கம் சாய்ந்து, கைப்பிடி லொடலொடவென்று ஆடியது. "இது ஒரு வேலையாய்யா?" என்று நான் குரலை உயர்த்திய நேரத்தில் சட்டைப் பையில் போன் அடித்தது. நம் பட்டறை வெல்டர் முனியாண்டி. "அண்ணே, காஜா பாய் மௌத்தாயிட்டாரு. காலைல டீ குடிச்சிட்டு உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராம். அசர் தொழுகைக்குப் பெறகு பேகம்பூர்ல அடக்கம். வெரசா வந்துருங்க" என்றான்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஒரு நல்ல மனிதரைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று நம் பட்டறைத் தொழிலாளர் சங்கத்தில் கேட்டார்கள். அவர் நல்ல மனிதர் இல்லை. நானும் இல்லை. அவருடைய இடது கையில் இரண்டு விரல் போனதில் என் பங்கு என்ன என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும், அதிலும் ஒருவர் போய்விட்டார் என்று அன்று நினைத்தேன். அந்த நிம்மதி சாயங்காலம் வரைதான் இருந்தது.

திருச்சி சாலையில் இருக்கும் நம் பட்டறையில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிறோம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வெளியாட்கள் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தகட்டையும் சட்டத்தையும் சேர்த்துத் துளை போட்டு ரிவெட்டை நுழைத்தால், வெளியே ஒருவன் காற்றுத் துப்பாக்கியால் அதன் தலையில் அடிப்பான். உள்ளே ஒருவன் டாலி என்கிற கனத்த இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலுக்கு முட்டுக் கொடுப்பான். வால் நசுங்கிப் பொத்தான்போல விரியும். நடுவில் தகடு இருப்பதால் ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது. எல்லாம் தட்டுதான். நான் ஒன்று தட்டினால் "அடிக்கட்டுமா?" அவர் ஒன்று தட்டினால் "அடி." அடித்து முடித்தபின் அவர் இரண்டு தட்டினால் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. மூன்று தட்டினால் கெட்டுவிட்டது, துளைத்து எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். அவர் பதில் தட்டாமல் நான் விசையை அழுத்தக் கூடாது. பட்டறையில் வேறு எந்தச் சட்டத்தை மீறினாலும் இதை மீற மாட்டோம்.

வெளியே துப்பாக்கியோடு நான், உள்ளே டாலியோடு காஜா பாய். பல வருடம் இப்படித்தான் ஓடியது. அவருடைய மூன்று தட்டு கொட்டகை முழுக்கக் கேட்கும். அதோடு விடமாட்டார். ஜன்னல் துளை வழியாகத் தலையை நீட்டி, "ஏலே செல்வம், இது ரிவெட்டா, நாய் மென்னு துப்புன கடலையா?" என்பார். கெட்ட ரிவெட்டைச் சுற்றி உள்பக்கம் சாக்பீஸால் வட்டம் போடுவார். அந்த வட்டம் அத்தனை ஒழுங்காக இருக்கும். வேலை செய்யும்போது இடது உள்ளங்கையைத் தகட்டில் வைத்தபடியே இருப்பார். "பாய் பஸ்ஸுக்கு ஓதிப் பாக்குறாரு" என்று நாங்கள் கேலி செய்வோம்.

எனக்குப் பெண் பேசி முடித்த சமயத்தில், மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைப் பார்க்க மாமனார் குஜிலியம்பாறையிலிருந்து பை நிறையப் பச்சைக் கடலையோடு வந்தார். காஜா பாய் ஒரு கை அள்ளி உரித்துத் தின்றுகொண்டே அவரை பஸ்ஸுக்குள் கூட்டிப் போய் வட்டங்களைக் காட்டினார். "எல்லாம் உங்க மாப்ள அடிச்சது. ரெண்டு தகட்டச் சேத்து வைக்கத் தெரியல, இவனா ஒரு குடும்பத்தச் சேத்து வைக்கப் போறான்? கடல நல்லாருக்கு மாமா, பொண்ண யோசிச்சுக் குடுங்க." பட்டறையே சிரித்தது. கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் என் மனைவி, "அந்த பாய் அன்னைக்கே சொன்னாரு" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அந்த வட்டங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை, வண்டி எடுக்கும் முகூர்த்த நாள் நெருங்குகிறது என்று பஸ் முதலாளி வந்து உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் பாயிடம், இந்த ஒரு வரிசையை மட்டும் பார்த்தும் பார்க்காத மாதிரி விடுங்கள் என்று கெஞ்சினார். பாய் வரிசை முழுக்க மூன்று மூன்றாகத் தட்டினார். "ஏன் பாய் இம்புட்டுப் பிடிவாதம்?" என்று கேட்டேன். "பஸ்ஸுல மேனேஜரா ஏறப் போறான்? பூக்கூடையத் தூக்கிக்கிட்டு ஒரு பொம்பள ஏறுவா. தகடு பிச்சுக்கிட்டு அவ கையக் கிழிச்சா நீ போயி தைப்பியா?" என்றார். அன்று முழுக்கத் துளைத்து எடுத்ததில் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. அவரைக் கொன்று போடலாம் என்று இருந்தது.

அவருக்குக் காது போய்விட்டதைக் கண்டுபிடித்தவன் நான்தான். கரண்டு நின்று கம்ப்ரசர் ஓய்ந்திருந்த ஒரு நேரத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று டீ குடிக்கக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில் போய் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். திரும்பவில்லை. ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும் ஆள் காதைப் பயன்படுத்துகிறாரா என்று யார் பார்த்தார்கள்? அவரோடு நான் பட்ட அத்தனை அவமானமும் அந்த நிமிடத்தில் இனித்தது. போய் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன்.

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. டீ நேரத்தில் ஒவ்வொருவராக அவர் பின்னால் போய் நின்று, அவர் அம்மாவைப் பற்றியும் மனைவியைப் பற்றியும் சாதாரணக் குரலில் பேசுவோம். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டிருப்பார். நாம் சிரிப்போம். அவர் திரும்பி, நாம் சிரிப்பதைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமல் தானும் சிரிப்பார். எல்லாவற்றையும்விட அந்தச் சிரிப்புத்தான் நமக்கு வேடிக்கையாக இருந்தது. இதைப் படிப்பவர்களில் யாரெல்லாம் அங்கே நின்றீர்கள் என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை.

விபத்து நடந்த நாளில் காலையிலிருந்தே மூன்று தட்டு அதிகம். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் அடித்த ஒரு ரிவெட் நன்றாக உட்கார்ந்தது என்று என் கைக்குத் தெரிந்தது. உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. இன்னொரு அடியும் கொடுத்து இறுக்கிவிடுகிறேன், அப்புறம் என்ன சொல்வார் பார்ப்போம் என்று நினைத்தேன். முறைப்படி ஒன்று தட்டினேன். பதில் வரவில்லை. அழுத்தினேன்.

அலறல் கேட்டு ஓடிப் பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வட்டம் போட வலது கையில் சாக்பீஸ் எடுத்தவர், டாலியை இடது கையால் தகட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். அதற்கும் ரிவெட்டுக்கும் நடுவில் இருந்த இரண்டு விரல்கள் நசுங்கித் தொங்கின. ஆஸ்பத்திரியில் அவற்றைப் பாதியோடு எடுத்துவிட்டார்கள். தகட்டில் சாக்பீஸ் வட்டம் முக்கால்வாசி போடப்பட்டு நின்றிருந்தது.

மேனேஜர் விசாரித்தார். "தட்டினியா?" என்றார். "தட்டுனேன் சார்" என்றேன். பக்கத்தில் இருந்த முனியாண்டியும், தட்டுச் சத்தம் கேட்டதாகச் சொன்னான். "பதில் வந்துச்சா?" என்று அடுத்து கேட்டுவிடுவாரோ என்று பயந்து நானே முந்திக்கொண்டேன். "சார், பாய்க்குக் காது சுத்தமா கேக்காது. பாதி நாள் பதிலே தட்ட மாட்டாரு. நாங்களா பாத்துத்தான் சமாளிச்சுக்கிட்டு இருக்கோம்." இது பச்சைப் பொய். அத்தனை வருடத்தில் அவர் ஒரு தட்டைக்கூடத் தவறவிட்டதில்லை. காது கேட்காமல் எப்படிப் பதில் தட்டினார் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. காதைச் சோதித்தார்கள். டாலியை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள்.

கட்டுப் போட்ட கையோடு வந்த அவரிடமும் மேனேஜர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டிக் கேட்டார்: செல்வம் தட்டினானா? அவர் என்னைப் பார்த்தார். "தட்டுனான் சார்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்காத தட்டைக் கேட்டதாகச் சொல்லி என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். பின்னால் தனியாகப் போய், உதட்டசைவு தெரிகிற மாதிரி, "எனக்காக ஏன் பாய் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஏலே, பொய் சொல்ற அளவுக்கு நீ எனக்கு யாரு?" என்றார்.

அதற்குப் பிறகு பட்டறையில் பாப் ரிவெட் வந்தது. வெளியே நின்றே சொருகி இழுத்தால் போதும். உள்ளே தானாக விரிந்து, தண்டு ஒடிந்து கீழே விழும். அந்தத் தண்டுகளைக் காந்தக் கம்பால் பொறுக்கும் வேலையை பாய்க்குக் கொடுத்தார்கள். பொறுக்கிக்கொண்டே என் பக்கம் வருவார். "முன்ன ஒருத்தன் அடிக்கணும், ஒருத்தன் தாங்கணும். இதுக்குத் தாங்குற ஆளே வேணாம். உனக்குன்னே செஞ்ச ரிவெட்டு அப்பு" என்பார். இன்னொரு நாள் டீ நேரத்தில், யாரும் கேட்காமலே எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "நீங்க பின்னாடி நின்னு பேசுனது எனக்குக் கேக்கல. ஆனா நான் டீ குடிக்கிற எடத்துக்கு எதுத்தாப்புல எப்பவும் ஒரு பஸ்ஸுக் கண்ணாடி இருக்கும். உங்க மூஞ்சி தெரிஞ்சுச்சு." அன்று யாரும் டீயை முழுதாகக் குடிக்கவில்லை.

கபர்ஸ்தானில் மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். அவருக்குப் பிடித்த எண் என்று நினைத்துக்கொண்டே போட்டேன். திரும்பும்போது அவர் மகன் சாதிக் என்னோடு நடந்து வந்தான். தோல் பெல்ட்டுகளுக்குத் துளை போட்டு வளையம் அடிக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறான். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அத்தா இருக்கும்போது கேக்க விடல."

"கேளு தம்பி."

"அத்தாவுக்குக் காது போனது எங்களுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். தகட்டுல கைய வச்சுத்தான் நீங்க தட்டுறதக் கண்டுபிடிப்பாங்க. வீட்டுலயும் அப்படித்தான், செவுத்துல கை வச்சா மாடிப்படில யாரு வர்றாங்கன்னு சொல்லிருவாங்க. அன்னைக்கும் நீங்க ஒண்ணு தட்டுனது வெரல்ல தெரிஞ்சுச்சாம். 'மூணு தட்டிட்டேன், வட்டம் போட்டுக்கிட்டு இருக்கேன், மறுபடி தட்டுறான் கிறுக்கன். பதில் தட்டாம இருந்தேன். நான் தட்டாம அவன் அடிக்க மாட்டான், அதான் கைய எடுக்கல'ன்னு சொன்னாங்க."

நான் நின்றுவிட்டேன்.

"ஏண்ணே அடிச்சீங்க?"

இத்தனை வருடம் காதைக் காட்டித் தப்பித்து வந்தேன். மற்றவர்களிடம் மட்டுமல்ல, என்னிடமும். செவிடர், கேட்கவில்லை, விதி என்று படுத்துத் தூங்கினேன். என் தட்டு அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் வேலையை மாமனார் முன்னால் காறித் துப்பியவர், என்னை ஒருநாளும் மெச்சாதவர், தன் விரல்களை மட்டும் என்னை நம்பி அங்கே வைத்திருந்தார். மேனேஜரிடம் அவர் சொன்னது உண்மை. பொய் சொன்னவன் நான். சாதிக், வீட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று போய்விட்டான்.

அவர் நினைவாக எதை வைத்துக்கொள்கிறாய் என்று இந்த மாதிரிக் கட்டுரையின் கடைசியில் எழுத வேண்டுமாம். நேற்று பட்டறையில் ஒரு தகட்டின் முன்னால் நின்று, கெட்டுப்போன ஒரு ரிவெட்டைச் சுற்றி அவரைப் போலவே நிதானமாகச் சாக்பீஸால் ஒரு முழு வட்டம் போட்டுப் பார்த்தேன். மூச்சை ஒரு தடவை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிட்டது. அன்று அவர் போட்டிருந்தது முக்கால் வட்டம். நான் காத்திருக்க வேண்டியிருந்தது மிச்சக் கால்வாசி நேரம். அதைத்தான் வைத்திருக்கிறேன்.