மதியத்தில் வராத வெள்ளைச் சட்டை

அன்று காலை எட்டு மணிக்கே பலகை வேலை செய்யவில்லை. மல்லேஸ்வரம் வீட்டுக்குள் நுழைந்து, கை கழுவிவிட்டு, வழக்கம்போல சாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் தொடுதிரை டேப்பை நிறுத்தித் திறந்தேன். படங்கள் வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறிகளும் ஆங்கில எழுத்துகளும் வரிவரியாக நின்றன. சார் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் சாருக்குப் பகல்நேரத் துணை. இரண்டு வருடங்களுக்கு முன்பு வந்த பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைப்பதுதான் வெளியே வராது. தலையசைப்பை நம்ப முடியாது. வேண்டாம் என்று நினைக்கும்போது தலை ஆமாம் என்று ஆடிவிடும். எழுத்துகளைப் பார்ப்பார், சேர்த்துப் படிக்க முடியாது. படம் மட்டும் தெளிவாகப் புரியும்.

அவருடைய மகள் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அப்பாவின் சாப்பாடு, தூக்கம், பிரஷர் எல்லாவற்றையும் குறித்துவைக்க டேப்பில் விக்கி என்ற குறிப்பேடு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். ஒரே கோப்புக்குள் ஆயிரக்கணக்கில் சின்னப் பக்கங்கள் வைத்துக்கொள்ளலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம் என்றார். தினமும் போனில் ஒருவரிடம் விவரம் சொல்வதைவிட எழுதிவைப்பது எனக்குச் சுலபம். போனில் பேசினால் பாதியில் எனக்கு வார்த்தை நின்றுவிடும். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான் என்றாலும் தமிழில் டைப் அடிக்கப் பழகியிருந்தேன்.

ஒரு நாள் காபி டம்ளரைப் போட்டோ எடுத்து ஒரு பக்கத்தில் வைத்திருந்தேன். சார் இடது கை விரலை அதன்மேல் வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து வந்ததுதான் பலகை. தண்ணீர், ஃபேன், வலி, பாத்ரூம், மகள், வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஒரு படம். எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டினால் அவர் குழம்பிப்போகிறார் என்பதால் பக்கங்களுக்குக் காலை, மதியம், மாலை என்று அடையாளம் போட்டேன். அந்தந்த வேளைக்கு உரியதை மட்டும் பொறுக்கி எடுப்பது ஃபில்டரின் வேலை. பொறுக்கியதைப் படமாக வரிசையில் அடுக்குவது மேக்ரோவின் வேலை. ஒரு தடவை எழுதிவைத்தால் பெயரைச் சொன்னாலே அது செய்துவிடும். சார் ஒரு படத்தைத் தொட்டால் அது திரை முழுக்கப் பெரிதாகும். அதுதான் அவருடைய பேச்சு. இதையெல்லாம் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இந்த விக்கியைப் பயன்படுத்துகிறவர்கள் கேள்வி பதில் எழுதும் இடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. அங்கே உள்ளதைப் போனில் தமிழாக்கிப் படிப்பேன், பார்த்து எழுதுவேன். நான் அங்கே ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

முந்தின நாள் சாயங்காலம் சாரின் விரல் தண்ணீரைத் தொடப்போய் ஃபேனைத் தொட்டுவிட்டது. படங்களை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று தோன்றியது. வரிசையாக அடுக்கும் வேலைக்கு என் மேக்ரோ, விக்கியோடு கூடவே வந்த ஒரு மூலப் பக்கத்தை நம்பியிருந்தது. அந்தப் பக்கத்தையே திறந்தேன். இதில் கை வைத்தால் இன்னது ஆகும் என்று மஞ்சள் நிறத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. என் வீடு இருக்கும் விவேக் நகருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. படிக்காமலே இரண்டு இடத்தில் எண்ணை மாற்றிச் சேமித்துவிட்டு, பலகையைத் திறந்துகூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன்.

காலையில் அம்மா, அதாவது சாரின் மனைவி, காபியோடு வந்து திரையைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, உன் பலகைக்கு இன்னிக்கு லீவா?”

ஏதோ கோளாறு அம்மா, சரி பண்ணிவிடுகிறேன் என்றேன். நான் கை வைத்ததால் வந்தது என்று சொல்லவில்லை. எந்தச் சட்டை என்று பலகையில் கேட்க முடியாததால், அன்றைக்கு இரண்டு கைகளிலும் ஒவ்வொரு சட்டையைத் தூக்கிக் காட்டினேன். சார் நீலத்தைத் தொட்டார். சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

குளிப்பாட்டி, கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர் கண் அயர்ந்த பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பயம், பக்கங்களே அழிந்துவிட்டனவோ என்பதுதான். தேடிப் பார்த்தேன், காபி இருந்தது, ஃபேன் இருந்தது, எல்லாம் இருந்தன. அடுத்து ஃபில்டரை மட்டும் தனியாக ஒரு புதுப் பக்கத்தில் எழுதினேன். மதியத்துக்கு உரிய பதினான்கு பெயர்களும் ஒழுங்காக வந்தன. அதோடு மேக்ரோவைச் சேர்த்ததும் மறுபடி அடைப்புக்குறிகள். ஆக, பொறுக்குவதில் தப்பில்லை, அடுக்குவதில்தான் தப்பு. நேற்று மாற்றிய எண்களைப் பழையபடி மாற்றினேன். அப்படியும் வரவில்லை. எண்களை மாற்றும்போது பக்கத்தில் வேறு எதையோ சேர்த்து அழித்திருக்கிறேன். எதை என்று நினைவில்லை.

பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாடு. அதற்கு முன்பு ஒரு பிரஷர் மாத்திரை கொடுக்க வேண்டும். டப்பாவிலிருந்து எடுத்து உதட்டருகில் கொண்டுபோனேன். சார் வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தேன். இடது கையால் தட்டிவிட்டார். சரி, சாப்பிட்ட பிறகு பார்க்கலாம் என்று தயிர் சாதத்தைப் பிசைந்து கொடுத்தேன். அதற்கும் வாயைத் திறக்கவில்லை. வாழைப்பழத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் அப்படிச் செய்கிறவரே இல்லை. அம்மா தண்ணீரைக் காட்டினார், மகளின் போட்டோவைக் காட்டினார், வயிற்றைத் தொட்டு வலிக்கிறதா என்று கேட்டார். சாரின் தலை ஆடியது. ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை. தொண்டையிலிருந்து ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா டாக்டருக்குப் போன் செய்தார். பக்கவாதம் வந்த அன்றும் அவர் சாப்பிட மறுத்ததிலிருந்துதான் எல்லாம் தொடங்கியதாம். நாலு மணி வரை பாருங்கள், மாத்திரை உள்ளே போகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார் டாக்டர். போன வருடம் ஒரு தடவை மூன்று வாரம் அங்கே இருந்துவிட்டு வந்தபோது, அதுவரை பழகியிருந்த நடையையும் சார் மறந்திருந்தார். அம்மாவுக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பையில் துணி எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

மகளுக்கு இரண்டு தடவை போன் செய்தோம். அங்கே நடுராத்திரி. எடுக்கவில்லை.

நான் டேப்போடு பால்கனிக்குப் போனேன். கேள்வி பதில் இடத்தில் எனக்கு நடந்த மாதிரியே ஒருவருக்கு நடந்திருந்ததைத் தேடிப் பிடித்தேன். மூலப் பக்கத்தில் கை வைத்துக் கெடுத்துவிட்டேன், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அந்தப் பக்கத்தை அழித்துவிடு என்று ஒரே வரியில் பதில். தமிழாக்கியதில் பிழை இருக்குமோ என்று இரண்டு தடவை படித்தேன். கீழே இன்னொருவர் விளக்கியிருந்தார். நீ திருத்தியது மூலத்தின் மேல் போர்த்திய ஒரு நகல்தான். மூலம் அடியில் அப்படியே இருக்கிறது. நகலை அழித்தால் மூலம் தானாக மேலே வரும் என்று.

அழி என்ற பொத்தானின்மேல் விரலை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கோப்பில் சாரின் இரண்டு வருடம் இருக்கிறது. முதலில் முழுக் கோப்பையும் என் போனுக்கு ஒரு பிரதி அனுப்பிக்கொண்டேன். அதற்குள் அம்மா பால்கனி வாசலுக்கு வந்து நின்றார்.

“எப்பப் பாத்தாலும் அதைத் தடவிக்கிட்டே இருந்தா அது என்னத்துக்கு ஆகும்? ஆம்புலன்சுக்குச் சொல்லவா வேணாமா, அதைச் சொல்லு.”

“அம்மா, நான்தான் நேத்து கை வெச்சுக் கெடுத்துட்டேன். ஒரு பத்து நிமிஷம் குடுங்க.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மணி மூணு பத்து என்று மட்டும் சொன்னார்.

அழித்தேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். சேமித்து, மூடி, மறுபடி திறந்தேன். மதியப் பலகையின் பதினான்கு படங்களும் பழைய வரிசையில், பழைய அளவில் வந்து உட்கார்ந்திருந்தன. டேப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

சாரின் முன்னால் வைத்ததும் யோசிக்காமல் மாத்திரைப் படத்தைத் தொட்டார். அது திரை முழுக்க வந்தது. திரும்பிப் போய் ‘வேண்டாம்’ படத்தைத் தொட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அதான் தெரியுதே, வேண்டாம்னு. ஏன்னு சொல்லுங்கோ.”

சார் மறுபடி பலகைக்குத் திரும்பி, வலது கீழ் மூலையில் படமே இல்லாத வெற்றிடத்தைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் அதே இடம். விரல் தவறுகிறது என்று நினைத்து, தண்ணீர் படத்தின்மேல் கொண்டுபோய் வைத்தேன். என் கையை உதறிவிட்டு அதே மூலையைத் தொட்டார். மூன்றாவது தடவை தட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. காலைப் பலகையில் அந்த இடத்தில்தான் சட்டைகள் வரும். தினமும் காலையில் சார் அங்கேதான் நிறம் பார்த்துச் சட்டையைத் தேர்ந்தெடுப்பார். மதியத்தில் யாருக்குச் சட்டை வேண்டும் என்று, ஃபில்டரில் அவை வராதபடி நான்தான் வைத்திருந்தேன்.

ஃபில்டரில் ‘மதியம்’ என்பதை எடுத்துவிட்டேன். எல்லா வேளைப் படங்களும் மொத்தமாக வந்து திரை நிரம்பியது. அவர் குழம்பவில்லை. மெதுவாக விரலை நகர்த்திக்கொண்டு போய் வெள்ளைச் சட்டையைத் தொட்டார். பெரிதாயிற்று. பிறகு அதே விரலை நீட்டி, மேசைமேல் இருந்த மாத்திரையைக் காட்டினார்.

மாத்திரை இளஞ்சிவப்பாக இருந்தது.

தினமும் கொடுப்பது வெள்ளை. முந்தின நாள் அம்மா மருந்துக் கடையிலிருந்து வாங்கிவந்த புது அட்டையிலிருந்து, பெயரை மட்டும் பார்த்து டப்பாவில் போட்டிருந்தேன். அட்டையை எடுத்துப் பழைய காலி அட்டையோடு வைத்துப் பார்த்தோம். பெயர் ஒன்றுதான். பழையதில் ஐந்து மில்லிகிராம் என்று இருந்தது, புதியதில் பத்து. அம்மா டாக்டருக்குப் போன் செய்தார். அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பழையதையே வாங்கிக் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய அவசியமில்லை என்றார் டாக்டர். அம்மா போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் தோன்றியிருக்க வேண்டும்: சார் மட்டும் வாயைத் திறந்திருந்தால்.

சோறு ஏன் வேண்டாம் என்றார் என்பதும் அப்போது புரிந்தது. போன மாதம் ஒரு கசப்பு மாத்திரையை அவர் துப்பியபோது, அதை நுணுக்கி வாழைப்பழத்தில் கலந்து கொடுத்திருந்தேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். சார் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர்.

கடைக்கு ஓடினேன். நான் அட்டையை நீட்டியதும் கடைக்காரர் வாங்கிப் பார்த்து, கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டு, உடனே மாற்றிக் கொடுத்தார். திரும்பி வந்தபோது மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. அம்மா பையிலிருந்த துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“சட்டையைக் காட்டி மாத்திரை கேக்கறார் பாரு உங்க சார். நமக்குத்தான் புத்தி இல்லை.”

இப்போது பலகையின் ஓரத்தில் எல்லாவற்றையும் காட்டும் பொத்தான் ஒன்று வைத்திருக்கிறேன். எதைப் பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். புது அட்டை வாங்கினால் முதலில் சாரிடம் காட்டிவிட்டுத்தான் டப்பாவில் போடுகிறேன். மூலப் பக்கங்களில் கை வைப்பதில்லை; எது வேண்டுமானாலும் பிரதி எடுத்துவைத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் செய்கிறேன். வாழைப்பழத்தில் எதையும் கலப்பதில்லை.

அன்று புது அட்டையிலிருந்து வெள்ளை மாத்திரையைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்து சாரிடம் நீட்டினேன். குனிந்து, ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். தானே இடது கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினார். உள்ளே போய்விட்டதா என்று பார்ப்பதற்காக, வழக்கமாக நான்தான் அவரை வாயைத் திறக்கச் சொல்லுவேன். அன்று நான் கேட்பதற்கு முன்பே அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி, முதலில் எனக்கும் பிறகு அம்மாவுக்கும் காட்டினார்.