சைப்ரஸில் நான் கட்டிய சுவர்

போன வருடம் மார்ச் மாதம் நடந்தது இது. நியூ ஜெர்சியில் பார்சிப்பனி என்ற ஊரில் குடியிருக்கிறோம். என் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. அவள் பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை உலக நாடுகள் கண்காட்சி நடக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதில் வருகிற நாட்டைப் பற்றிப் படித்து, ஏதாவது ஒன்றைச் செய்துவைத்து, நடுவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். என் மகளுக்கு வந்த சீட்டு சைப்ரஸ்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சைப்ரஸ் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மகள்தான் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடியில், துருக்கிக்குக் கீழே, கைப்பிடி நீண்ட வாணலி மாதிரி ஒரு தீவு. வடக்கே கடலோரமாக ஒல்லியாக ஒரு மலைத்தொடர், தெற்கே குளிர்காலத்தில் பனி பெய்கிற பெரிய மலை, நடுவே சமவெளி. அந்தச் சமவெளியில் தலைநகரம்.

தெற்கே கிரேக்க மொழி பேசுகிறவர்கள், வடக்கே துருக்கி மொழி பேசுகிறவர்கள். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் கலந்து வாழ்ந்தவர்கள்தான். பிரிட்டிஷ்காரர்கள் போன பிறகு சண்டை மூண்டது. ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாராம். இன்றைக்கும் அதற்குப் பச்சைக் கோடு என்றுதான் பெயர். எழுபத்து நான்காம் வருடம், தீவைக் கிரீஸோடு சேர்க்க நினைத்தவர்கள் ஆட்சியைக் கவிழ்க்க, துருக்கி ராணுவம் வடக்கே வந்து இறங்கியது. வடக்கே இருந்த கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள், தெற்கே இருந்த துருக்கியர்கள் வடக்கே போனார்கள். வடக்குப் பகுதி தன்னைத் தனி நாடு என்கிறது. துருக்கியைத் தவிர வேறு யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. இரண்டுக்கும் நடுவே ஐ.நா. படை காவல் இருக்கிறது. தலைநகரத்தையே சுவர் வைத்து இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது அந்தக் கோடு.

இதையெல்லாம் படித்துச் சொன்னது மகள். எனக்குக் காதில் விழுந்தது இரண்டே வார்த்தைகள்தான். மலை, சுவர். அடடா, மாடல் செய்ய இதைவிட என்ன வேண்டும்!

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். லேத் மெஷினில் கடைசியாகக் கை வைத்தது கல்லூரி ஒர்க்‌ஷாப்பில். அதற்குப் பிறகு இருபது வருடமாக ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவன் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் சம்பளத்துக்கு நான் செய்கிற வேலை. என் கையால் ஒரு ஸ்டூல் கூடச் செய்ததில்லை. போதாததற்கு, முந்தைய வருடம் எங்கள் அபார்ட்மெண்ட்டில் கீழ்வீட்டுப் பையன் ஐஸ்லாந்து எரிமலையைப் புகை வரவழைத்துக் காட்டி முதல் பரிசு வாங்கியிருந்தான். அந்த எரிமலையைச் செய்தது அவனுடைய அப்பா என்பது அபார்ட்மெண்ட்டுக்கே தெரியும். எனக்குக் கை பரபரத்தது.

“ஏனுங்க, ஸ்கூலுக்குப் போறது நீங்களா அவளா? அவ பாட்டுக்கு எதையோ செஞ்சுட்டுப் போறா, உடுங்க” என்றாள் மனைவி. நான் விடவில்லை.

நான்கு வார இறுதிகள். டைனிங் டேபிள் முழுக்க சைப்ரஸ்தான். நாங்கள் ஹாலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மைதா காய்ச்சிப் பசை செய்தேன். இந்தியன் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் தள்ளுபடி விளம்பரத் தாள்களைக் கிழித்து ஊறவைத்து, அடுக்கடுக்காக ஒட்டி இரண்டு மலைகளையும் எழுப்பினேன். தெற்கு மலை உச்சியில் பஞ்சு வைத்துப் பனி. கடலுக்கு மூன்று விதமான நீலம். மகளுக்கு நான் கொடுத்த வேலை பசை கலக்குவது, பிரஷ் கழுவுவது. பின்னால் நிறுத்தி வைக்கிற அட்டையில் எழுதுவதை மட்டும் அவளிடம் விட்டேன்.

அவள் சாப்பிடும்போது அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். அங்கேயும் நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்களாம். ஊரெல்லாம் பூனைகளாம். வாணலியில் வாட்டினாலும் உருகாத ஒரு பாலாடைக்கட்டியை இரண்டு பக்கத்துக்காரர்களும் ‘இது எங்களுடையது’ என்கிறார்களாம். மனைவி அதை எங்கேயோ தேடி வாங்கிவந்து மிளகாய்த்தூள் போட்டு வறுத்தாள். பனீரைவிடத் தேவலாம். நான் சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

சுவர்தான் என் கலையின் உச்சம். காபி கலக்குகிற மரக்குச்சிகளை ஒரே அளவில் வெட்டி, சாம்பல் நிறம் அடித்து, இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை நெருக்கமாக நட்டேன். மேலே மெல்லிய கம்பி வலை. இரண்டு பக்கமும் விரல்நுனி உயரத்துக்குக் காவல் வீரர்கள். பசை காய்ந்ததும் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

மகள் வந்து அதைப் பார்த்தாள். அவள் தமிழ் புரிந்துகொள்வாள், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். நான் தமிழிலேயே எழுதுகிறேன். “அப்பா, இதுல நடுவுல கேப் விடணும் இல்ல? கேட் இருக்கு. ஜனங்க தினமும் கிராஸ் பண்றாங்க.”

“சுவர்னா சுவர்தான் கண்ணு. கேப் விட்டா வீக் ஆயிரும், தூக்கிட்டுப் போறப்ப ஒடஞ்சிரும்” என்றேன். அவள் ‘ஓகே’ என்று சொல்லிவிட்டு பிரஷ் கழுவப் போய்விட்டாள்.

கண்காட்சி அன்று காலை. பள்ளி வாசலில் இடம் கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கம் காரை நிறுத்திவிட்டு, நானும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் வந்து நின்றோம். அங்கே பளபளக்கும் மஞ்சள்பச்சைச் சட்டை போட்டு, கையில் ‘ஸ்டாப்’ பலகையோடு பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிற அம்மாள் ஒருவர் உண்டு. அறுபது வயதை நெருங்கியவர். தினமும் குட்மார்னிங் சொல்வார், அவ்வளவுதான் பழக்கம். அவர் பலகையை உயர்த்திக் கார்களை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு எங்கள் கையில் இருந்ததைப் பார்த்தார். பலகை தானாகவே கீழே இறங்கியது.

“இது சைப்ரஸ்” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. “நான் பிறந்த ஊர் இங்கே” என்று வடக்கு மலைக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் விரல் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் செய்த மலையை ஒரு சைப்ரஸ்காரர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாரே! அவருடைய விரல் அங்கிருந்து மலையைத் தாண்டி, சமவெளியில் இறங்கி, தலைநகரத்துக்கு வந்து, என் சுவரில் முட்டி நின்றது.

“கதவு எங்கே?” என்றார்.

நான் குனிந்து சுவரைப் பார்த்தேன். “நான் அதன் வழியாக நடந்து போயிருக்கிறேன். எங்கே அது?” என்றார் மறுபடியும். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் சட்டென்று பலகையை உயர்த்தி எங்களை அனுப்பிவைத்தார். மகள் தன் முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று அவள் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பள்ளி ஜிம்மில் மேசை போட்டிருந்தார்கள். மாடலை வைத்தேன், அட்டையை நிறுத்தினேன். நடுவர்கள் வர அரை மணி நேரம் இருந்தது. அப்போதுதான் முதல் முறையாக மகள் எழுதியதைப் படித்தேன். நான்கு வாரம் ஒரே மேசையில் இருந்தும் அதை நான் படிக்கவேயில்லை. ஒவ்வொரு ஊருக்கும் கிரேக்கப் பெயர், துருக்கிப் பெயர் இரண்டையும் எழுதியிருந்தாள். கோட்டின் பெரும்பகுதி சுவரே இல்லை, சில இடத்தில் வேலி, சில இடத்தில் வெறும் வயல், அதில் விவசாயம் கூட நடக்கிறது என்று எழுதியிருந்தாள். இருபது வருடத்துக்கும் மேலாக வாசல்கள் திறந்திருக்கின்றன, வேலைக்கும் கடைக்கும் மக்கள் அடையாள அட்டையைக் காட்டி வந்து போகிறார்கள் என்று தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். அதற்கு நேர் கீழே, கடலிலிருந்து கடல் வரை, ஈ நுழையக்கூட வழியில்லாத என் சுவர்.

அசடு வழிந்தது. ஆனாலும் கை வைக்க மனசு வரவில்லை. “இப்ப வேண்டாம் கண்ணு, ரிஸ்க். ஒரு இடத்துல ஒடச்சா மொத்தமும் விரிசல் உட்ரும். யாரு அவ்வளவு கவனிச்சுப் பார்க்கப் போறாங்க?” என்றேன். பரிசு என் கண்ணிலேயே நின்றது. அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மனைவியும் வேலைக்கு லீவ் போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டாள். மகள் பேச ஆரம்பித்தாள். வீட்டில் ‘ஓகே’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற பெண் இவள்தானா என்றிருந்தது. மலை, சமவெளி, வரலாறு, பூனை, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் துண்டுச்சீட்டு இல்லாமல் சொன்னாள். நடுவர் ஒருவர் குனிந்து என் சுவரை ரசித்து, பிரமாதமான வேலை என்றார். நான் நிமிர்ந்து நின்றேன்.

“அது தப்பு” என்றாள் மகள். “சுவர் அப்படி இருக்காது. அதில் வாசல்கள் இருக்கின்றன. எனக்கு முன்னாலேயே தெரியும். ஒரு தடவை சொன்னேன். எங்கள் அப்பா ரொம்ப சந்தோஷமாகச் செய்துகொண்டிருந்தார், அதனால் மறுபடி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.”

பிறகு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நான் கொண்டுபோயிருந்த பையிலிருந்து, கம்பி வெட்டுகிற என்னுடைய குறட்டையே எடுத்தாள். தலைநகரம் இருந்த இடத்தில் கம்பி வலையை வெட்டினாள். மூன்று குச்சிகளைப் பிடித்து இழுத்தாள். டப்பென்று சத்தம். நான் பயந்த மாதிரியே விரிசல் சமவெளி முழுக்க ஓடி, பச்சைப் பெயின்ட் பெயர்ந்து, உள்ளேயிருந்து வெண்டைக்காய் தள்ளுபடி விளம்பரம் எட்டிப் பார்த்தது. “இங்கே” என்று மட்டும் சொல்லி, குறட்டைக் கீழே வைத்தாள்.

இதையெல்லாம் செய்தது யார் என்று நடுவர் கேட்டார். “மலை, கடல், சுவர் எல்லாம் அப்பா. எழுதினதும் வாசலும் நான்” என்றாள் கொஞ்சமும் தயங்காமல். சுற்றி நின்ற பெற்றோர் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே தங்கள் மாடல்களைப் பார்த்துக்கொண்டதையும் கவனித்தேன். என் முகம் சிவந்துபோயிருக்க வேண்டும். மனைவி என் காதோரமாக, “நல்லா வேணும் உங்களுக்கு” என்றாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அத்தனை பேர் முன்னால் மூக்கு உடைபட்டு நிற்கிறேன், நெஞ்சு நிறைந்துபோய் நிற்கிறேன். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

பரிசு பிரேசிலுக்குப் போனது. எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோக மாடலைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சாலை கடக்க வைக்கிற அம்மாள், சட்டையைக் கூடக் கழற்றாமல் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். முதலில் அட்டையில் இருந்த தன் ஊரின் இரண்டு பெயர்களையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். எட்டு வயதில் அப்பா அம்மாவோடு தெற்கே ஓடிவந்த கதையைச் சொன்னார். வாசல் திறந்த வருடம் இங்கிருந்து போய், வரிசையில் பல மணி நேரம் நின்று, கடந்துபோய்த் தன் வீட்டுக் கதவைத் தட்டினாராம். உள்ளே இருந்தவர்கள் தெற்கே தங்கள் வீட்டை விட்டுவிட்டு வந்த துருக்கியர்கள். காபி போட்டுக் கொடுத்தார்களாம். சமையலறை நிலைக் கட்டையில் இவருடைய அப்பா பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துவைத்த பென்சில் கோடுகள் அழியாமல் இருந்தனவாம். அவர்கள் பெயின்ட் அடித்தபோது அந்தக் கட்டையை மட்டும் விட்டுவிட்டார்களாம். பக்கத்திலேயே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கோடுகள்.

“எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிவிடாதே. என் சொந்த வீட்டைப் பார்க்க நான் இன்னும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும்” என்றார் மகளிடம். “ஆனால் கதவு இருக்கிறது.” சொல்லிவிட்டு இரண்டு விரல்களை ஒரு ஆள் நடக்கிற மாதிரி சமவெளியில் நடக்கவிட்டு, அந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போய், மலையேறி இறங்கி, கடலோரத்தில் நிறுத்தினார். அங்கேயே கொஞ்ச நேரம் விரல்களை எடுக்காமல் வைத்திருந்தார்.

இப்போது அந்த சைப்ரஸ் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே இருக்கிறது. விரிசலை நான் ஒட்டவில்லை. வீட்டுக்கு வருகிற நண்பர்கள் எல்லாரும் தவறாமல் கேட்பார்கள், “இவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்க, நடுவுல ஒடஞ்சிருக்குதே?” என்று. “அது என்ற பொண்ணு ஒடச்சதுங்க” என்பேன். என் கையால் செய்த எதைப் பற்றியும் நான் இவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.