‘கவுண்ட் மீ இன்’ கிறிசாந்தோ வீட்டுக் கூரை

பிலிப்பைன்ஸின் பனாய் தீவில், கடலோரத்து எங்கள் ஊரில் வந்து கிறிசாந்தோ வீடு எது என்று கேட்டால், எந்தக் கிறிசாந்தோ என்று திருப்பிக் கேட்பார்கள். ‘கவுண்ட் மீ இன்’ வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடும். வாசலில் அவர் இருக்கமாட்டார், அது வேறு விஷயம். அவர் மனைவி எபிபானியாதான் இருப்பாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அந்த இங்கிலீஷை அவர் கப்பலில் பிடித்துக்கொண்டு வந்தார். சரக்குக் கப்பல் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த காலம். சீட்டுக் கட்டைக் கலைக்கும் சத்தம் கேட்டால் போதும், வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் எந்த மூலையில் இருந்தாலும் அப்படிக் கத்திக்கொண்டே ஓடி வருவாராம். என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள் என்று அர்த்தம். கப்பல் வேலை போயிற்று. வாங்கி வந்த சாமான்களும் உப்புக் காற்றில் துருப்பிடித்துப் போயின. இந்த வார்த்தை மட்டும் போகவில்லை.

எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. பார்க்கலாம் என்பார்கள், முயற்சி பண்ணுகிறேன் என்பார்கள். கேட்டவருக்கும் புரிந்துவிடும், வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார். கிறிசாந்தோவுக்கு அந்த மழுப்பல் வராது. கல்யாணத்துக்குப் பன்றி சுட ஆள் வேண்டுமா, கிணற்றில் சேறு அள்ள வேண்டுமா, சவப்பெட்டி தூக்கத் தோள் வேண்டுமா, கேட்டவர் வாயை மூடுவதற்குள் ‘கவுண்ட் மீ இன்’ வந்து விழும். சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஆளும் இல்லை. போவார், மாடாக உழைப்பார். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். அதைக் கேட்கும்போதெல்லாம் எபிபானியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அவள் வீட்டுக் கூரை ஒழுகியது. நிப்பா என்கிற சதுப்புநிலப் பனையின் ஓலைக் கூரை, மக்கிப்போய்ப் பல மழைக்காலம் ஆயிற்று. உள்ளறையில் கட்டிலை எங்கே இழுத்துப் போட்டாலும் தலைமாட்டில் சொட்டும். இத்தனை நாள் அவள் பொறுத்துக்கொண்டாள். இப்போது மகள் மெர்லிண்டா பிரசவத்துக்கு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை படகில் வருவதாக ஏற்பாடு. மகளின் மாமியார் ஒருமுறை வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனவள், வாளியை வைத்துக்கொண்டா பிள்ளை பெறுவது, கூரை மாற்றினால் அனுப்புகிறேன், இல்லையென்றால் என் வீட்டிலேயே பெறட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தலைப்பிரசவம். பெற்றவள் பக்கத்தில் இல்லாமலா?

இந்த மாதிரி வேலைக்கு எங்கள் ஊரில் கூலி கிடையாது. வீட்டுக்காரன் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவான், எல்லாரும் வருவார்கள், வயிறாரச் சோறு போட வேண்டும். ஊரில் கிறிசாந்தோ கை படாத கூரை கிடையாது. ஆனால் தன் கூரைக்கு ஆள் கூப்பிட மட்டும் அவருக்குக் கூச்சம். நம்ம வேலைக்குப் போய் நாலு பேரைத் தொந்தரவு பண்ணுவதா என்று நெளிந்தார். கடைசியில் எபிபானியாவே படியேறிப் படியேறிக் கூப்பிட்டாள், சனிக்கிழமை என்று.

சனிக்கிழமை விடிந்தது. ஆட்கள் வந்தார்கள். புது ஓலை கட்டுக் கட்டாக வாசலில் கிடந்தது. கிறிசாந்தோவைக் காணோம். எபிபானியா கொல்லையில் கோழி அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், முகத்துவாரத்து துர்சியோ தன் புதுப் படகைத் தண்ணீரில் இறக்க வந்து கூப்பிட்டிருக்கிறான். எப்போதோ கொடுத்த வாக்காம். படகு இறங்கியதும் ஓடி வந்துவிடுகிறேன் என்று பக்கத்து வீட்டு செவெரோவிடம் சொல்லிவிட்டு, ஐயா கிளம்பிவிட்டார்.

வந்தவர்கள் கஞ்சியைக் குடித்தார்கள். சுருட்டைப் பற்றவைத்தார்கள். ஒருவரும் ஏணிப் பக்கம் போகவில்லை. எபிபானியா செவெரோ முன்னால் போய் நின்றாள்.

“அக்கா, அண்ணன் வந்து மொத ஓலையப் பிரிக்கட்டும்” என்றான் அவன். “வீட்டுக்காரன் கை வெக்காம நாங்க வெச்சா நல்லாருக்காது.”

அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். கடல் பக்கம் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. அவள் பாதையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், உட்கார்ந்து புகை விடுகிறவர்களைப் பார்த்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கோழி அறுத்த கத்தியோடு ஏணியில் ஏறினாள். மக்கிய ஓலையை ஒரே இழுப்பில் பிய்த்துக் கீழே வீசினாள். அது செவெரோவின் மடியிலேயே போய் விழுந்தது. அப்புறம்தான் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

கிறிசாந்தோ வந்தபோது உச்சி சாய்ந்துவிட்டது. தொப்பலாக நனைந்து, கையில் ஒரு மீனோடு, வாயெல்லாம் பல். “கவுண்ட் மீ இன்!” என்று கூவிக்கொண்டே ஏணியில் கால் வைத்தார்.

“ஆளு போதும்” என்றாள் எபிபானியா மேலேயிருந்து. “கோழிக் கஞ்சி அடிப்பிடிக்குது. போய்க் கிண்டுங்க.”

சுருக்கென்று தைக்கும் என்றுதான் சொன்னாள். அந்த மனுஷனுக்கு எங்கே தைத்தது? அதுக்கும் நான் ரெடி என்று அடுப்படிக்குப் போய்விட்டார். கப்பல் சமையல்காரர் இல்லையா, இஞ்சியைத் தட்டிப் போட்டு, பூண்டைச் சிவக்க வறுத்துத் தூவி, கொண்டுவந்த மீனையும் சுட்டு வைத்தார். வாசம் கூரைக்கு ஏறியது, ஆட்கள் கீழே இறங்கினார்கள். கள்ளுக் குடமும் எங்கிருந்தோ வந்தது. அண்ணன் கையே கை என்று புகழ்ச்சி வேறு. கூரைமேல் அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். இந்த ஆளைத் தண்டிக்கக்கூட வழியில்லையே என்று அழுகை முட்டியது.

சாயங்காலம் ஆனபோது கூடமும் அடுப்படியும் மூடியாயிற்று. உள்ளறை மட்டும் திறந்து கிடந்தது, மகள் படுக்கவேண்டிய அறை. முதல் தூறல் விழுந்தது. ஆட்கள் கத்தியைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். செவெரோ போகிற போக்கில், காலையில் சித்தப்பா வீட்டு வேலியைக் கட்டவேண்டும், அண்ணன் வந்தால் தேவலை என்று இழுத்தான்.

“கவுண்ட்…” என்று கிறிசாந்தோ ஆரம்பித்தார்.

“அவரு வரமாட்டாரு.”

கூரைமேலிருந்து வந்த குரல். எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரோ ஒருவர் காரணமில்லாமல் இருமினார்.

“நாளைக்கும் வரமாட்டாரு. எம்பொண்ணு பெத்து எந்திரிக்கிற வரைக்கும் எதுக்கும் வரமாட்டாரு.”

பரவாயில்லை அக்கா என்று முனகிவிட்டு செவெரோ நகர்ந்தான். வாசல் காலியானது.  கிறிசாந்தோ சத்தமில்லாமல் ஏணியில் ஏறி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கப்பலிலிருந்து வேலை போய் வந்த அன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

“இனிமே என்னை யாருமே கூப்பிட மாட்டாங்க” என்றார்.

எபிபானியா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூங்கிலில் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“நான் கூப்பிடறேன்” என்றாள். “அந்த ஓலையை எடுங்க.”