சித்திக்கு வந்த பல்வலி

எங்கள் சித்தி மாதிரி ஒரு தைரியசாலியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் அவளுக்கு லைன் வேலை. கம்பெனி பஸ் நிற்காமல் போய்விட்டால், மறுநாள் அந்த டிரைவரை ஊரே கேட்க ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் ஏறுவாள். மணிமங்கலத்தில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

உண்மையில் பல்லில் கோளாறு அம்மாவுக்கு. துலக்கினால் ரத்தம் வருகிறது என்று ஈறு பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோவதையே விட்டிருந்தாள். முன்பற்கள் இரண்டும் ஆட ஆரம்பித்துவிட்டன. சித்தி கெஞ்சாத நாளில்லை.

"எங்க லைன்ல நல்லா ஓடிக்கினு இருக்கற மெஷினையே நிறுத்தி சுத்தம் பண்ணுவாங்கக்கா. டாக்டராண்ட போலாம் வா."

"போடி இவளே! சுத்தம் பண்றேன்னு சுரண்டி வுட்டா இருக்கற பல்லும் ஆடும். மேல்பல்லப் புடுங்கினா கண்ணு பூடும். எனக்கு வலிக்குதா இன்னா?"

எங்கள் தெருவே அப்படித்தான் நம்பியது. நானும் நம்பினேன்.

ஒருநாள் காலை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த சித்தி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மா பதறிப்போனாள். தனக்கென்றால் எதையும் தள்ளிப்போடுகிறவள், தங்கைக்கென்றதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

படப்பையில் பல் டாக்டரம்மாவின் நாற்காலியைப் பார்த்ததும் சித்தி பின்வாங்கினாள். "எனக்கு பயமா கீதுக்கா. மொதல்ல நீ உக்காரு. உனக்கு வலிக்கலன்னா நான் உக்கார்றேன்."

"கல்யாண வயசுல இன்னா பயம்டி இது!" என்று தலையில் அடித்துக்கொண்டு அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியை அம்மா கையில் கொடுத்தார். "பல்லு நல்லாத்தாம்மா இருக்கு. அதைப் பிடிச்சிருக்கற ஈறும் எலும்பும்தான் கரையுது. காரை படிஞ்சு கல்லாயிருக்கு பாருங்க. ரத்தம் வந்தா இன்னும் நல்லா, மெதுவாத் துலக்கணும். நீங்க விட்டுட்டீங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ரெண்டும் விழுந்திருக்கும்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அன்றே சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். அதன்பிறகு எத்தனையோ தடவை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் சித்திக்குத் துணையாகத்தான் அம்மா போனாள். அந்த இரண்டு பற்களும் இன்றும் அவள் வாயில் இருக்கின்றன. பொங்கலுக்குக் கரும்பை மட்டும் அவளைக் கடிக்கவிடுவதில்லை.

அன்றைக்கு அம்மா எழுந்ததும் சித்தியும் உட்கார்ந்தாள். சத்தமே இல்லை. போன வேகத்தில் வந்துவிட்டாள். "பயந்தாங்கொள்ளி சித்தி!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தேன். அவளும் கூடவே சிரித்தாள்.

பஸ்ஸில் கடலை மிட்டாயை இரண்டாக உடைத்தாள். பெரிய துண்டை, காலையில் பிடித்துக்கொண்டு அழுத அதே கன்னத்துக்குள் தள்ளி, நறநறவென்று கடித்தாள். அதை நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சின்னத் துண்டைக் கொடுத்துவிட்டாளே என்று வீடு வந்து சேரும்வரை அவளோடு பேசவில்லை.