செக் பண்ணி வாங்கிய பிள்ளை

என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை. வருகிற சரக்கில் கீறல், நெளிசல் இருந்தால் திருப்பி அனுப்புவார். அந்தப் புத்தியைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால்தானே!

எங்கள் கைக்குழந்தையைப் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர்தான் பகலெல்லாம் பார்த்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது, இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த அக்கா முடியாது என்றால் என் வேலை போச்சு.

இந்த மனிதருக்கு அதெல்லாம் எங்கே உறைக்கிறது? தினமும் சாயங்காலம் அக்கா வீட்டு வாசலிலேயே பிள்ளையை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, கையைத் திருப்பி, காலைத் திருப்பி, காதுமடல் வரைக்கும் பார்ப்பார்.

“இது இன்னாக்கா, செவப்பா?”

“கொசு சார். நான் கடிக்கல.”

எனக்கு மானம் போகும். மறுநாள் ஒரு முழம் கனகாம்பரத்தோடு போய் அக்காவைக் குளிரவைப்பேன். என் மாமியாரைக்கூட நான் அப்படித் தாங்கியதில்லை.

ஒருநாள் நான் சீக்கிரமே பஸ் ஏறிவிட்டேன். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டது அவர்தான். சாயங்காலம் இருவரும் சேர்ந்து போனால், பிள்ளை அக்காவின் தோளில் துவண்டு கிடந்தது. நம் ஆள் வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தார்.

“இது இன்னா, ஊசி குத்துன தடம்?”

“அத்த நீ சொல்லு நைனா. காலைல புள்ளைக்கு இன்னா ஊத்தி இட்டுனு வந்த?”

அவர் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டார். “லைட்டா ஜுரம்… மருந்து குடுத்தேன். லீவு கெடைக்காது, அதான்…”

அடப்பாவி! காய்ச்சலை மருந்தால் அமுக்கி, பவுடர் அப்பி, பொட்டு வைத்து, பளபளவென்று கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்.

“மத்தியானம் ஒடம்பு நெருப்பா கொதிக்குது. டாக்டராண்ட தூக்கினு ஓடுறேன். காலைல மருந்து எதுனா குடுத்தியான்னு கேக்குறாரு. இல்லன்னு சொல்லிட்டேன். ஊசி போட்டுட்டாரு. மருந்து மேல மருந்து ஏறி ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிருந்தா? என்னியதான ஊரே காறித் துப்பும்?”

எனக்கு அந்த ஆளை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல ஆத்திரம். அக்கா என் பக்கம் திரும்பினார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

“நீ வேலைக்குப் போம்மா. ஜுரம் உட்டப்புறம் புள்ளைய இட்டுனு வா. அதுவரைக்கும் சாரு லீவு போட்டுப் பாத்துக்கட்டும்.”

கிடைக்காத லீவு மறுநாளே கிடைத்தது. காய்ச்சலும் அன்றைக்கே விட்டுவிட்டது. நான் வீடு திரும்பியபோது, சட்டையெல்லாம் பால்சோறு வழிய, வாசலிலேயே நின்றிருந்தார். “அக்கா எப்ப சேத்துக்குவாங்க? போய்க் கொஞ்சம் கேட்டுனு வாயேன்” என்று கெஞ்சினார்.

தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தேன்.

“இன்னும் ஒரு வாரம் ஆவுமாம்” என்றேன்.