படகில் ஓரிடம்

எங்கள் ஊர் பெக்கோக்கில் வெள்ளம் ஏறுகிறது என்று அவள் போன் செய்தபோது நான் ஸ்கூடாயில் வேலையில் இருந்தேன். அவளும் நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் கல்யாணமாகி ஸ்கூடாய்க்கு வந்துவிட்டேன். அவள் அங்கேயே தையல் வேலை செய்துகொண்டு தனியாக இருந்தாள். அடுத்த தெருவில் தம்பியோடு என் அம்மா, பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக.

"உன் தம்பி வேலைக்குப் போயிட்டான், திரும்பி வர ரோடு இல்ல. நான் அம்மாகிட்ட போறேன்."

"உன் மெஷினுங்க?"

"அதெல்லாம் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தா அங்க தண்ணி கட்டிலுக்கு வந்துரும் லா. வைடி போன."

காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆயர் ஈத்தாம் தாண்டியதும் போலீஸ்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அவள் போன் அணைந்து கிடந்தது. ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் சொன்னேன், குடிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போவேன், வானத்தைப் பார்ப்பேன், திரும்ப வந்து உட்காருவேன். தீயணைப்பு நிலையத்துக்கு எத்தனை முறை அழைத்தேன் என்று தெரியாது.

மதியத்துக்கு மேல் தம்பி அழைத்தான். "அம்மாவ போட்ல ஏத்திட்டாங்களாம்கா. ஸ்கூல் ஹால்ல இருக்காங்க."

பெருமூச்சு விட்டேன். தேநீரைக்கூட ஒரு வாய் குடித்தேன். அதற்குப் பிறகுதான் கேட்டேன்: "அவ?"

"போட்ல ஒருத்தருக்குத்தான் எடம் இருந்துச்சாம். அவங்க இன்னும் அங்கதான்."

அதன்பின் உட்கார முடியவில்லை. மழையிலேயே கார் நிறுத்தத்தில் நடந்துகொண்டிருந்தேன். படகு திரும்பப் போய் அவளை ஏற்றிய செய்தி வர இரண்டு மணி நேரம் ஆனது.

மறுநாள்தான் பாதை திறந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தண்ணீருக்குள் கிடந்த தகரம் பாதத்தைக் கிழித்து, காலே வீங்கியிருந்தது. அம்மாவைச் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தி, உருண்டு விழாமல் தொடையளவுத் தண்ணீரில் நின்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா என் கைய விடவே மாட்டேன்னுட்டாங்க," என்றாள். "போட்காரரு அவசரப்படுத்துறாரு. நானே ஒவ்வொரு வெரலா பிரிச்சி விட்டேன். அதான்டி கஷ்டமா இருந்துச்சி."

தையல் மெஷின்கள் மூன்றும் சேற்றில் போய்விட்டன. கால் புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போதும் சாய்ந்துதான் நடக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். "அம்மா தப்பிச்சாங்கன்னதும் நான் நிம்மதியாயிட்டேன். உன்ன அப்புறந்தான் கேட்டேன்."

கஞ்சியைக் கிண்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "பின்ன? பெத்தவங்கள கேக்காம யார கேப்ப?"

அவள் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.